இடது மரை

சக்கரத்தாருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டறை முதலாளிக்கு அவர் வெறும் சக்கரம். பெயின்டருக்குச் சக்கரத்தண்ணே. மற்றவர்களுக்குச் சக்கரத்தார். வீட்டில் மனைவிக்கு ‘ஏங்க’. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, பாத்திரச் சத்தம் மட்டும்.

ஆள் குள்ளம். தோள் அகலம். வருஷக்கணக்கில் ஸ்பானரை இழுத்ததில் வலது முழங்கை கொஞ்சம் மடங்கியே நிற்கும். பேச்சு குறைவு. வார்த்தையை வெளியே விடுவதற்கு முன் ஒரு முறை மென்று பார்ப்பதுபோலத் தாடை அசையும்.

சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தவர். ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில், நேரான சாலையில், முன்னால் போன லாரியின் சக்கரம் ஒன்று கழன்று அந்த லாரியையே முந்திக்கொண்டு போனதைப் பார்த்தார். லாரி ஓட்டியவருக்கு அது தெரியவில்லை. ஒன்றும் நடக்காததுபோல லாரி சற்று தூரம் ஓடிற்று. சக்கரம் அவசரப்படவில்லை. போக வேண்டிய இடம் தெரிந்ததுபோலச் சாலையை விட்டு இறங்கி, ஓரமாக உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றது. நின்றது என்றுதான் சக்கரத்தார் சொல்வார். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு எதிலும் நாட்டம் போகவில்லை. லாரியிலிருந்து டயர் கடை, டயர் கடையிலிருந்து பஸ் பணிமனை, அங்கிருந்து இந்தப் பட்டறை. எங்கே போனாலும் சக்கர வேலை. மற்றவர்கள் ஒரு முறை இறுக்கும் நட்டை அவர் இறுக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி இறுக்குவார். இறுக்கிய நட்டின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார். கோடு சக்கரத்திலும் பாதி, நட்டிலும் பாதி விழும். வண்டி ஓடித் திரும்பிய பிறகு இரண்டு பாதியும் நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். அசைந்ததில்லை. ‘அவர் கை வெச்ச சக்கரம் கழண்டதில்ல’ என்று டயர் கடைக்காரர் ஒரு நாள் யாரிடமோ சொன்னார். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய் வேலை வாங்கிக் கொடுத்தது. அவருக்கு வேறு சொத்து இல்லை.

பட்டறை பழைய வெளிநாட்டுக் கார்களை வாங்கிப் பிரித்து, புதுப்பித்து விற்கிற இடம். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, ஓரமாக ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள் முதலாளி. மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. அங்கேதான் சக்கரத்தாரும் மனைவியும் இருந்தார்கள். வாடகை வீடு வாடகை வீடாகச் சாமான் தூக்கி அலுத்துப்போன அந்த அம்மாளுக்கு அந்த மாடி பிடித்துப்போயிற்று. காலையில் கீழே கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால்தான் தனக்கு விடிகிறது என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

அந்த வண்டி வந்தபோது அதற்குச் சக்கரமே இல்லை. ஏதோ ஒரு கிடங்கில் மரக்கட்டைகள் மேல் வருஷக்கணக்காக நின்றிருந்தது. பிரிட்டனில் செய்தது. இரண்டு கதவு, நீளமான மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை. காசுள்ளவர்கள் ஒரு நாட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இன்னொரு நாட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய் இறங்குவதற்காகச் செய்த வண்டி என்று முதலாளி சொன்னார்.

“இப்ப அதுதான் எலிக்கு ரெண்டு வேளையும் சாப்பாடு போட்டுட்டிருக்கு” என்று பெயின்டர் சீட்டின் கிழிசலைக் காட்டினார்.

முதலாளி சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “வெளிய பழசு, உள்ள புதுசு. அப்படிப் பண்ணப் போறோம் இதை. பாக்கறவன் தாத்தா காலத்து வண்டின்னு நினைக்கணும். உக்காந்தவன் நேத்து வாங்கினதுன்னு நினைக்கணும்.”

அப்படியே செய்தார்கள். எஞ்சினைப் பிரித்துக் கூடுதல் இழுவைக்கு மாற்றினார்கள். புது கியர்பெட்டி, விரலால் திருப்பக்கூடிய ஸ்டியரிங், ஏ.சி., நாலு பக்கமும் டிஸ்க் பிரேக். பழைய பின் அச்சு அந்த வேகத்தைத் தாங்காது என்று அதையும் மாற்றினார்கள். மேலே கருநீலம், குனிந்து பார்த்தால் பல்லிடுக்கு வரை தெரியும் பளபளப்பு. சக்கரம் மட்டும் பழைய மாதிரியே வேண்டும் என்றார் முதலாளி. சைக்கிள் சக்கரம்போலக் கம்பி போட்ட சக்கரங்களை எங்கிருந்தோ தருவித்தார். பட்டறைக்குள் கம்பிச் சக்கரம் வந்தது அதுதான் முதல் தடவை. காருக்குச் சக்கரத்தைச் சுற்றிப் பல நட்டு இருக்கும். இதற்கு நடுவில் ஒன்றே ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. அதை ஸ்பானரால் முடுக்க முடியாது. செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும்.

அச்சும் பிரேக்கும் மாறியதால், சக்கரம் உட்காரும் ஹப்புகளையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. லேத்துக்காரர் கடைந்து கொண்டுவந்து கொடுத்தார்.

“ரெண்டு இடது மரை, ரெண்டு வலது மரை. பாத்துப் போடு.”

“எங்கிட்டயேவா சொல்றே” என்றார் சக்கரத்தார்.

வலது மரை என்றால் எல்லாத் திருகும்போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது மரை அதற்கு எதிர். ஓட்டத்தில் நட்டு தானே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக வண்டியின் ஒரு பக்கத்துக்கு ஒன்றும் மறுபக்கத்துக்கு மற்றொன்றும் வைப்பார்கள். இடப்பக்கம் இடது மரை என்பது லாரிக்காரர்களின் அரிச்சுவடி. சக்கரத்தாரின் கை அதுவாகவே போயிற்று. சட்டைக்குள் எந்தக் கையை முதலில் நுழைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டு இடது மரை ஹப்புகளையும் இடப்பக்கம் மாட்டினார். பின் சக்கரங்களுக்கானவற்றைச் சூடேற்றி அச்சில் இறக்கினார். ஆறினால் கவ்விக்கொள்ளும். அப்புறம் அவற்றை அறுத்துத்தான் எடுக்க முடியும்.

நடுவில் ஒற்றை நட்டு போட்ட வண்டிக்கு அது தலைகீழ். அதற்கு இடப்பக்கம் வலது மரை. அவருக்குத் தெரியாது. நட்டுகளின் முகத்தில், எந்தப் பக்கம் அடித்தால் கழலும் என்று ஒரு அம்புக்குறியும் அது வண்டியின் எந்தப் பக்கத்துக்கு என்று எழுத்தும் வார்த்திருந்தன. ‘முகத்துல தழும்பு மாதிரி இருக்கு’ என்று முதலாளி அவற்றைத் தேய்த்து எடுக்கச் சொல்லி, குரோம் பூசி வாங்கினார். மாட்டும்போது நான்கும் கண்ணாடிபோல வழவழவென்றிருந்தன. அவற்றில் சக்கரத்தாரின் முகம்தான் தெரிந்தது.

முதல் ஓட்டம் முதலாளி ஓட்டினார். போய்த் திரும்பி இறங்கியவர் கதவைச் சாத்தவும் மறந்து நின்றார். “தண்ணி மேல போற மாதிரி இருக்குய்யா சக்கரம்.”

சக்கரத்தார் குந்தி உட்கார்ந்து சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். இரண்டு பாதியும் நேராக இல்லை. நகக்கண் அளவு விலகியிருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும். பின்னால் போனார். அங்கேயும்.

புது வண்டி, ஒன்றோடொன்று பொருந்த நேரம் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டு அடித்து இறுக்கிப் புதுக் கோடு போட்டார். மறுநாளும் விலகியிருந்தது. அதற்கு மறுநாள், பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தானே ஏறி உட்கார்ந்து, முன்னால் போகாமல் முற்றத்தில் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்தார். இறங்கிப் பார்த்தபோது நட்டுகள் இறுகிப்போயிருந்தன. சுத்தியலுக்குக்கூட அசையவில்லை.

பின்னால் ஓடினால் இறுகுகிறது. முன்னால் ஓடினால் அவிழ்கிறது. நாலு சக்கரமும்.

அவர் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெயிலில் தகடு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

முதலாளி வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கோர்த்து வைத்திருந்தார். முதலாளி வந்தார். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். உயரமாக, நரைத்த தாடியைச் சீராக வெட்டியவர். பல் டாக்டர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ‘புதுப்பித்து மேம்படுத்திய பிரிட்டிஷ் நெடும்பயண கார் விற்பனைக்கு. பார்த்தவர் விட மாட்டார்’ என்று முதலாளி போட்டிருந்தார். பார்த்தவர் விடவில்லை. வண்டியின் முன்னால் வந்து நின்ற டாக்டர், யாராவது வாயைத் திறந்தால்தான் பேசுவார் போலிருந்தது.

“டாக்டர், இவர்தான் நம்ம சக்கரம்” என்றார் முதலாளி. “இவர் கை வெச்ச சக்கரம் இதுவரைக்கும் கழண்டதில்ல. நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

டாக்டர் கையை நீட்டினார். சக்கரத்தார் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். டாக்டரின் கை மெத்தென்று, ரொம்பச் சுத்தமாக இருந்தது. சக்கரத்தாரின் தாடை அசைந்தது.

“கையில என்ன, சுத்தியலா?” என்றார் டாக்டர். “இவ்வளவு அழகான வண்டிய அடிப்பீங்களா?”

அப்போதுதான் அது சக்கரத்தார் வாயிலிருந்து வந்தது. அவர் கோர்த்து வைத்தது அல்ல. “பழைய வண்டிக்கு இது ஒரு மரியாதைங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. வழியில எங்க நின்னாலும் ஒரு தட்டு. திரும்பி வந்து ஒரு தட்டு.”

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா? இதுதான் சார் வேணும். இப்ப வர்ற வண்டியில என்ன இருக்கு, பட்டனை அமுக்கினா போகுது. இதுக்கு நாம ஏதாவது பண்ணணும். கொடுங்க, நான் தட்டிப் பாக்கறேன்.”

தட்டினார். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று சக்கரத்தார் கையைப் பிடித்துக் காட்டினார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்பதுபோலத் தட்டினார். முதலாளி சக்கரத்தாரைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கே முன்பணம் கைமாறிற்று.

சாயங்காலம் முதலாளி தோளில் கை போட்டார். “யோவ், எங்கய்யா பிடிச்சே அந்த ‘மரியாதை’யை? நானே நம்பிட்டேன். அந்தச் சுத்தியலுக்கு ஒரு நல்ல பிடி போட்டு, பெட்டியில வெச்சுக் கொடுத்துருவோம். உள்ள சிவப்பு வெல்வெட்டு.”

சொல்லியிருக்கலாம். அப்போதும் தோளில் கை இருந்தது.

அடுத்த நாள் சக்கரத்தார் லேத்துக்காரரிடம் போனார். சத்தத்துக்கிடையில் காதருகே குனிந்து சொன்னார். “அதே ஹப்பு இன்னொரு செட்டு கடையணும். சத்தம் போடாம.”

லேத்துக்காரர் எந்திரத்தை நிறுத்தினார். “எதுக்கு?”

“ஸ்பேருக்கு.”

“ஹப்புக்கு எவன்யா ஸ்பேர் வெச்சான்? என் வீட்டுக்காரிகூடக் கேக்காத கேள்விய எல்லாம் என்னைக் கேக்க வெக்கிறே. ஏதாவது தப்பாப் போச்சா?”

“இல்ல.”

“இல்லன்னா முதலாளிய ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. இரும்பு அவர் கணக்கு.” சில்லுகளை ஊதிவிட்டு மறுபடி எந்திரத்தைப் போட்டார். சக்கரத்தார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, சுழலும் இரும்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

மனைவியிடம் பாதி சொன்னார். அவள் மீதிப் பாதியை அவளாகவே எடுத்துக்கொண்டாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திப் போட்டா மாத்திப் போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே. இதுல என்ன கிரீடம் இறங்குது? நான் உப்பு கூடப் போட்டா சொல்றதில்லயா?”

“நீ எப்பச் சொல்லியிருக்கே?”

“நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க?” துணியை உதறினாள். “சரி, அவர்தான் தட்டிட்டு ஓட்டுவார்ங்கறீங்களே. எத்தனை நாளைக்குத் தட்டுவார்? உங்களுக்கு ஆஸ்பத்திரியில மூணு வேளை மாத்திரை கொடுத்தாங்க. நீங்க எத்தனை நாள் போட்டீங்க?”

அவள் அவருடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு, குரலை இறக்கி, “இந்த மாடிய விட்டுப் போகணும்னா போயிடலாங்க. எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள்.

அவருக்கு மாடி பற்றிய நினைவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்றுகூட அவர் பயப்படவில்லை. முதலாளி திட்டுவார், அறுத்தெடுக்கச் சொல்வார், டாக்டரிடம் அவகாசம் கேட்பார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ஆனா’ வரும். அந்த ‘ஆனா’வை யார் யார் எப்படி எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்குக் காதில் கேட்டது. பெயின்டர் சிரித்துக்கொண்டே சொல்வார். லேத்துக்காரர் சிரிக்காமல் சொல்வார்.

வண்டி போன அன்று பட்டறையே வாசலில் நின்றது. டாக்டர் பெட்டியைத் திறந்து, சுத்தியலை எடுத்து, நாலு சக்கரத்தையும் தட்டினார். பெயின்டர் கைதட்டினார். சக்கரத்தார் ஜன்னலோரம் குனிந்தார்.

“தட்டாம மட்டும் எடுக்காதீங்க சார்.”

“உங்க மேல சத்தியமா மாட்டேன்” என்றார் டாக்டர்.

தெருமுனையில் திரும்பும்போது பின்விளக்கு இரண்டும் எரிந்து அணைந்தன. வண்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. அடுத்த வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது சக்கரத்தார் அதை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வெளிச்சம் போதாது என்றார். வெளிச்சம் விழுவதே அங்கேதான்.

டாக்டர் காலையில் போன் செய்வார். “தட்டியாச்சு” என்பார். கூடவே ஏதாவது சொல்வார். சிக்னலில் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தான், டாக்டரம்மா தன்னைவிட வண்டியைத்தான் அதிகம் கவனிக்கிறீர்கள் என்கிறாள், இப்படி. சக்கரத்தார் “நல்லதுங்க” என்பார். போன் வந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். பிறகு போன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு முறை வந்தது. பிறகு அவரே போன் செய்தார். டாக்டர் யாருடைய வாயிலோ வேலையாக இருந்தார், அப்புறம் பேசுகிறேன் என்று நர்ஸ் மூலம் சொல்லியனுப்பினார்.

சக்கரத்தாருக்கு ஒரு பழக்கம் வந்தது. பட்டறையில் நிற்கும் எந்த வண்டியின் பக்கம் போனாலும் நட்டைத் தொட்டுப் பார்ப்பார். அவர் போட்டதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாடிக்கையாளர் வந்த வாடகைக் காரின் நட்டைக்கூட ஒரு நாள் குனிந்து தொட்டார். ஓட்டிவந்தவர், “என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்றார்.

பின்னொரு நாள் காலை முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கையில் பிஸ்கட் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். டாக்டரின் குரல். ஏ.சி. நன்றாகக் குளிர்கிறதா என்று முதலாளி கேட்டார்.

“வண்டி எங்கிட்ட இருந்தாத்தானே தெரியும்? பொண்ணும் மாப்பிள்ளையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. மலைக்கு. கல்யாணமாகி முதல் தடவையா ரெண்டு பேரும் தனியாப் போறாங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, பொண்ண நினைச்சு இல்ல, வண்டிய நினைச்சு.” சிரித்தார்.

வண்டிக்கடியில் படுத்திருந்த சக்கரத்தார் வெளியே வந்தார். எழுந்தபோது தலை எதிலோ இடித்தது. மேஜையருகே வந்து போனைப் பார்த்துப் பேசினார்.

“சார், சக்கரம் பேசறேன். சுத்தியலைக் கொடுத்தனுப்பினீங்களா?”

“அட, நீங்களா? இல்லங்க, அது ஷோகேஸ்ல இருக்கு. வர்றவங்க எல்லாம் எடுத்துப் பாக்கறாங்க. அவங்களுக்கு எதுக்கு அது? அதெல்லாம் நம்ம மாதிரி கிறுக்கனுங்க சமாசாரம்.”

“கடைசியா எப்பத் தட்டினீங்க?”

கொஞ்சம் யோசனை. “போன மாசம் ஒரு தடவை தட்டின ஞாபகம்.”

மாப்பிள்ளையின் எண்ணை வாங்கினார். முதலாளி பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “என்ன சக்கரம்?” என்றார். சக்கரத்தார் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு முறை தப்பாக விழுந்ததால் முதலாளியே போனை வாங்கி அழுத்திக் கொடுத்தார்.

மாப்பிள்ளை எடுத்தார். பின்னால் காற்றுச் சத்தம். யாரோ சிரிக்கும் சத்தம்.

“தம்பி, வண்டி செஞ்ச பட்டறையிலிருந்து பேசறேன். ஓடிட்டிருக்கீங்களா?”

“இல்ல அங்கிள், உச்சிக்கு வந்துட்டோம். வ்யூ பாயின்ட்ல நிக்கறோம். செம வண்டி அங்கிள். எல்லாரும் எங்கள விட்டுட்டு அதைத்தான் போட்டோ எடுக்கறாங்க.”

சக்கரத்தார் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சக்கரத்து நடுவுல ஒரு பெரிய நட்டு இருக்கும் பாருங்க. அதைக் கையால திருப்பிப் பாருங்க.”

போன் கை மாறுவதுபோலக் கரகரத்தது. பிறகு, “அட, ஆமா. திரும்புது” என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் ஒரு வேடிக்கை இருந்தது. “ஈஸியாத் திரும்புது அங்கிள். அதனாலதான் வரும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துச்சா? மாமாதான் பழைய வண்டின்னா ஏதாவது பேசிட்டே வரும்னு சொன்னார்.”

“மத்த சக்கரம்?”

நேரமாயிற்று. காற்று ஊதிற்று. “எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் திரும்புது.”

பட்டறையில் கிரைண்டர் நின்றுவிட்டது. பெயின்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். முதலாளி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு எட்டுத் தள்ளி நின்றார். எல்லோரும் சக்கரத்தாரின் வாயைப் பார்த்தார்கள்.

வண்டியை எடுக்காதீங்க. இது சொல்ல வேண்டியது. ஏன் என்று அந்தப் பையன் கேட்பான். நான் மாத்திப் போட்டுட்டேன், அது முன்னால போனா தானா கழண்டுக்கும். இது அதற்குப் பதில். இரண்டும் சின்ன வாக்கியங்கள். தாடை அசைந்தது. முதலாளியின் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

“அது ஒண்ணுமில்ல தம்பி” என்றார் சக்கரத்தார். “கொஞ்சம் இறுக்கணும். பாத்துட்டு...”

“இறுக்கிட்டேன் அங்கிள். கையாலயே நல்லா இறுகுது. கீழ போனதும் ஏதாவது ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டிக்கறோம். மழை வர்ற மாதிரி இருக்கு, அதுக்குள்ள இறங்கிடலாம்னு இவ சொல்றா.” தள்ளி ஒரு பெண்குரல், சாவி எங்கே என்று கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நல்ல கனமான கதவு.

“தம்பி, எடுக்காதீங்க” என்றார் சக்கரத்தார். “தம்பி. வண்டிய எடுக்காதீங்க. அங்கயே நில்லுங்க. தப்பு என்னோடது.”

மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. போனில் காற்று இல்லை. ஒன்றுமே இல்லை. வெளிச்சம் அணைந்து அதன் கண்ணாடி கறுப்பாக இருந்தது.

முதலாளி போனை அவர் கையிலிருந்து எடுத்து மறுபடி அழுத்தினார். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

“என்ன தப்பு?” என்றார் முதலாளி.

சக்கரத்தார் சொன்னார். இப்போது வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. இடது மரை, வலது மரை, லாரி, அம்புக்குறி, முற்றத்தில் பின்னால் ஓட்டிப் பார்த்தது, சாக்கட்டிக் கோடு, லேத்துக்காரர். யாரும் குறுக்கே பேசவில்லை. மாடிப்படியில் அவர் மனைவி ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும் இது?”

“டாக்டர் வந்து கை கொடுத்தாரே, அன்னிக்கி. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

பெயின்டர் வேன் சாவியை எடுக்க ஓடினார். மலைக்குப் போய்ச்சேர அரை நாள் ஆகும். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. முதலாளி சக்கரத்தாரைத் திட்டவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார். அதே பெண்குரல் அதே மரியாதையோடு சொல்லி முடித்தது. அவர் மறுபடி அழுத்தினார்.